மியூரா போய்விட்டார்: பெர்செர்க் இத்தோடு நிற்க வேண்டுமா?

20 மே 2021, இரவு

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, கென்டாரோ மியூரா இறந்துட்டாராமே, உண்மையா? பெர்செர்க் இனி என்ன ஆகும்? அவரோட அசிஸ்டென்ட்கள் வரைஞ்சா படிப்பீங்களா?”

உண்மைதான் தம்பி. அவர் வரைந்த பெர்செர்க் என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, தொடராக வரும் யங் அனிமல் பத்திரிகை இன்றுதான் அறிவித்தது. ஆனால் அவர் இறந்தது இந்த மாதம் 6-ம் தேதி. மகாதமனி கிழிந்திருக்கிறது. வயது 54. குடும்பத்தார் மட்டும் இருந்து காரியத்தை முடித்துவிட்டார்கள்.

பெர்செர்க் முடிந்துவிட்டது. 1989-ல் தொடங்கியது, இந்த ஜனவரியில் 363-வது அத்தியாயம் வந்தது, அவ்வளவுதான். இனி யார் வரைந்தாலும் அது வேறு புத்தகம். நான் படிக்க மாட்டேன்.

21 மே 2021, விடியற்காலை

தூக்கம் பிடிக்கவில்லை. நேற்று எழுதியதில் ஒன்றை விழுங்கிவிட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

யங் அனிமல் மாதத்தில் இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமைகளில் வரும். போன வெள்ளி, 14-ம் தேதி, இங்கே டோக்கியோவில் வேலைக்குப் போகிற வழியில் நிஷி-கசாய் ஸ்டேஷன் பக்கத்துக் கொன்பினியில் (எல்லாம் விற்கும் சின்னக் கடை) இதழை எடுத்துப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். பெர்செர்க் இல்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாம் இதே கதைதான். “இந்த ஆளுக்கு இதே பொழப்பாப் போச்சு” என்று வாய்விட்டுச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், கடையில் யாருக்கும் புரிந்திருக்காது. இதழை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஒரு காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு அவர் போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

21 மே 2021, இரவு

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. “ஊரில் தினமும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், ஆக்சிஜனுக்கு வரிசையில் நிற்கிறார்கள், நீங்கள் ஒரு பொம்மைப் புத்தகக்காரருக்கு அழுகிறீர்களே” என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை ஐயா.

இதே மாதம் 9-ம் தேதி என் சித்தப்பா கொரோனாவில் போனார். இங்கிருந்து கிளம்ப வழியில்லை. போயிருந்தாலும் கிட்டே விட்டிருக்க மாட்டார்கள். தம்பி முறையுள்ள பையன் மயான வாசலில் நின்று போனில் காட்டினான். உடம்பு முழுக்கப் பாதுகாப்பு உறை போட்ட நான்கு பேர், நடுவில் கட்டிய ஒரு மூட்டை. அது சித்தப்பாதான் என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. படம் நின்று நின்று வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

நேற்று மியூரா செய்தியைப் படித்ததும் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

24 மே 2021

ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாடும் நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். இணையத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. அதில் ‘டார்க் நைட்’ என்றொரு வீரன் வகை, முதுகில் ஆளுயர வாள். பெர்செர்க்கின் நாயகன் கட்ஸின் சாயல் அதில் இருப்பதை பெர்செர்க் படித்தவர்கள் பார்த்த கணமே சொல்லிவிடுவார்கள். செய்தி வந்ததும், யாரும் ஏற்பாடு செய்யாமலே, ஆட்டக்காரர்கள் டார்க் நைட்டாக மாறி நகரத் தெருக்களில் இரு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். சண்டையில்லை, பேச்சில்லை. வாளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

எங்கள் ஊரில் பெரிய சாவு விழுந்தால் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தெருவோரம் வந்து நிற்பார்கள். இறந்தவரோடு பேசிக்கூட இருக்க மாட்டார்கள். ஊர்வலம் போகும் வரை நின்றுவிட்டு உள்ளே போவார்கள். அந்த நிற்றல்தான் இது. உடம்பையும் ஊர்வலத்தையும் பார்க்கக் கிடைக்காதவர்கள், நிற்பதற்கு ஒரு தெருவை உண்டாக்கிக்கொண்டார்கள்.

2 ஜூன் 2021

மகாதமனிக் கிழிசல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் ஒரே தோல் அல்ல, அடுக்கடுக்கானது. உள்ளடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளந்துகொண்டே போகும். சில மணி நேரத்தில் ஆள் போய்விடலாம். முன்னால் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் வரும்.

“ராப்பகலாக உழைத்துச் செத்தார்” என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். அறிவிப்பில் நோயின் பெயர் இருக்கிறது. உழைப்பால்தான் வந்தது என்று அதில் இல்லை. அவர் உழைத்தது நிஜம். யங் அனிமல் பொருளடக்கப் பக்கத்தில் ஓவியர்கள் ஓரிரு வரி எழுதுவார்கள். அந்தக் காலத்து வரிகளில் தூக்கமில்லை, லீவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போடும் உரிமை நமக்கில்லை.

அதே பொருளடக்க வரிகளில்தான் ஐடல்மாஸ்டர் என்ற வீடியோ கேமை ஆசையாக விளையாடுவதாகவும் எழுதினார். நம் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. அத்தியாயம் வராத மாதமெல்லாம் “ஐயா கேம் ஆடுகிறார்” என்று எழுதினோம். கட்ஸும் கூட்டாளிகளும் வருடக்கணக்காகக் கப்பலிலேயே இருந்தபோது “இன்னும் கரை தெரியலையா” என்று கேட்டுச் சிரித்தோம். நானும்தான் எழுதினேன். பழைய பதிவுகளை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான், இருக்கட்டும்.

19 ஜூன் 2021

ஆசிரியர் போனபின் கதை என்ன ஆகவேண்டும் என்று ஜப்பானில் ஒரே வழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்த மூன்றைச் சொல்கிறேன்.

மங்கா மேதை ஒசாமு தெசுகா 1989 பிப்ரவரியில் இறந்தார். ‘நியோ ஃபாஸ்ட்’ பாதியில் நின்றது. அதன் கடைசிப் பக்கங்கள் பென்சில் வரைவாகவே அச்சாகியிருக்கின்றன. முகங்கள் வெறும் முட்டை, மேலே குறுக்குக் கோடு. அதற்கு மேல் யாரும் கைவைக்கவில்லை.

ஷின்சானை வரைந்த யோஷிதோ உசுய் 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையில் விழுந்து இறந்தார். வயது 51. அடுத்த ஆண்டே அவருடைய உதவியாளர்கள் ‘புதிய ஷின்சான்’ என்று தொடங்கினார்கள். தமிழ் பேசும் ஷின்சானை டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உசுய் இல்லை என்பது தெரியும்?

மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. கவோரு குரிமோட்டோ எழுதிய ‘குவின் சாகா’, சிறுத்தைத் தலை கொண்ட வீரனின் கதை. மியூரா அதை விரும்பிப் படித்தவர், தன் கதைக்கு அதிலிருந்து ஊக்கம் பெற்றதாகச் சொன்னவர். குரிமோட்டோ 100 தொகுதி என்று கணக்குப் போட்டு, அதையும் தாண்டி எழுதிக்கொண்டே போய், 2009 மே மாதம் 56 வயதில் புற்றுநோயில் இறந்தார். கதை முடியவில்லை. பிறகு வேறு எழுத்தாளர்கள் தொடர்ந்தார்கள். தனக்குப் பிடித்த கதை அநாதையானதையும் அதை வேறு கைகள் எடுத்ததையும் மியூரா பார்த்திருக்கிறார். என்ன நினைத்திருப்பார்?

இருந்தாலும் நான் தெசுகா பக்கம்தான். முட்டை முகத்தோடு நிற்கட்டும்.

11 ஜூலை 2021

இன்று அவருக்கு 55. லீவு நாள். ஷின்ஜுகுவில் செகாய்தோ என்ற பெரிய ஓவியக் கடைக்குப் போய் மங்கா வரையும் ஜி-பேனா நிப் ஒரு பெட்டி, நிப்பை மாட்டும் கட்டை, கறுப்பு மை, காகிதம் எல்லாம் வாங்கி வந்தேன். நான் ஓவியன் இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை. ஏன் வாங்கினேன் என்றால், அந்த வெள்ளிக்கிழமை சொன்ன சொல் தொண்டையிலேயே நிற்கிறது. ஒரு கட்டத்தை வரைய எவ்வளவு நேரமாகும் என்று என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்ஸ் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறு கட்டத்தை எடுத்துக்கொண்டேன். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான். அதில் மேலங்கி மட்டும்.

18 ஜூலை 2021

நான்கு சாயங்காலம் உட்கார்ந்தேன். மொத்தம் ஒன்பது மணி நேரம். தீப்பெட்டி அளவு முடிந்திருக்கிறது.

அந்த மேலங்கி கறுப்பு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முழுக்கறுப்பு மடிப்புகளின் அடியாழத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் கோடு. மடிப்பு போகும் பக்கம் ஒரு அடுக்கு, அதற்குச் சாய்வாக இன்னொன்று, வெளிச்சம் படும் விளிம்பில் மூன்றாவது, மிக மெல்லியதாக. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 30 வரை எண்ணினேன், பிறகு கண் கூசிவிட்டது.

ஜி-நிப் அழுத்தினால் இரண்டாகப் பிரிந்து தடித்த கோடு போடும், தளர்த்தினால் மெலியும். கோடு முடியும் இடத்தில் பேனாவை நிறுத்தினால் ஒரு புள்ளி விழுந்து கெட்டுவிடும். நகர்ந்துகொண்டிருக்கும்போதே தூக்க வேண்டும், விமானம் தரையை விடுகிற மாதிரி. என் கோடுகள் அத்தனையும் குண்டூசித் தலையோடு முடிகின்றன. மணிக்கட்டு ஒரு பக்கம்தான் வளைந்து போகும் என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது மை காயாமல் இருந்தால் கை பட்டுத் தேய்ந்துபோகும். இரண்டு முறை தேய்த்தேன்.

ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டம், ஒரு அத்தியாயத்தில் இருபது பக்கம், 363 அத்தியாயம். கணக்குப் போட உட்கார்ந்தேன். முடியவில்லை, விட்டுவிட்டேன். “இதே பொழப்பாப் போச்சு” என்று சொன்னேனே. ஆமாம், இதுதான் அவர் பிழைப்பு.

20 ஜூலை 2021

திருத்தம். ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: “அண்ணா, மங்கா மூலப்பக்கம் பி4 காகிதத்தில் பெரிதாக வரைவார்கள். அதைச் சுருக்கித்தான் புத்தகத்தில் அச்சடிப்பார்கள். நீங்கள் அச்சிட்ட அளவிலேயே வரைந்தால் கை உடையாமல் என்ன செய்யும்?” சரிதான். என் ஒன்பது மணி நேரக் கணக்கு செல்லாது.

அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: “எல்லாக் கோடும் அவரே போட்டது என்று எழுதுகிறீர்கள். மங்கா ஸ்டூடியோவில் கட்டடம், கூட்டம், பின்னணி, கறுப்பு நிரப்புவது எல்லாம் உதவியாளர்கள் கைதான். நீங்கள் வியந்து பார்க்கிற பக்கத்தில் ஏற்கெனவே வேறு கைகள் இருக்கின்றன. அவர்கள் இனி வரைந்தால் மட்டும் வேறு புத்தகம் ஆகிவிடுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாளை எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட் 2021

இன்னும் பதில் இல்லை.

10 செப்டம்பர் 2021

வெள்ளிக்கிழமை. 364 வந்துவிட்டது. மியூரா கடைசியாக வேலை செய்த அத்தியாயம். மீதியை முடித்துக் கொடுத்தது ஸ்டூடியோ காகா, அவருடைய உதவியாளர்கள். அதே கொன்பினியில் வாங்கினேன். இன்றைக்கு இதழைத் திரும்ப வைக்கவில்லை.

கதை தெரிய வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நிலா வெளிச்சத்தில் மட்டும் வந்துபோகும் அந்த ஊமைச் சிறுவன், அவன் யார் என்று எத்தனை வருடம் விவாதித்தோம்? கட்ஸும் அவன் நேசிக்கும் காஸ்காவும் சிறுவனுமாக, ஒரு குடும்பம் போல, ஒரு நாள் முழுக்க அமைதி. பிறகு நிலா. சிறுவன் நின்ற இடத்தில் கிரிஃபித் நிற்கிறான். தன் ஆட்களையெல்லாம் பேய்களுக்குப் பலியிட்டுத் தான் மட்டும் மேலே ஏறிய அதே கிரிஃபித். அவன் கண்ணில் நீர். அத்தியாயம் அங்கே நிற்கிறது.

அடுத்த பக்கம் விளம்பரம். நான் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதே இதழில் கோஜி மோரி ஒரு சிறு மங்கா வரைந்திருக்கிறார். ‘ஹோலிலாண்ட்’ வரைந்தவர், மியூராவின் பள்ளித் தோழர். இரண்டு பையன்கள் மங்கா வரையும் ஆசையில் ஒன்றாகத் திரிந்த நாட்களின் கதை. கதையில் கிரிஃபித்தும் கட்ஸும் இருந்த பருந்துப் படையின் நட்பையும் பொறாமையையும் தன் பள்ளி நண்பர்களிடமிருந்து எடுத்ததாக மியூரா பேட்டிகளில் சொன்னதுண்டு. அந்த நண்பர்களில் ஒருவர் இப்போது தன் பக்கத்துக் கதையைச் சொல்கிறார்.

17 செப்டம்பர் 2021

இகெபுகுரோ சன்ஷைன் சிட்டியில் பெர்செர்க் கண்காட்சி. மியூராவின் 32 ஆண்டு ஓவிய வாழ்க்கை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பி4 பக்கங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் முதல்முறை பார்த்தேன். தங்கை சொன்னது சரி, பெரிதுதான். ஆனால் தங்கச்சி, பெரிதாகப் பார்த்த பிறகும் கோடு நான் நினைத்ததைவிட மெலிசு. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனேன். கறுப்பு மை தடவிய இடம் சாய்ந்து பார்த்தால் மினுங்குகிறது. தவறிய இடத்தில் வெள்ளை பூசி, காய்ந்து மேடு தட்டிய பிறகு, அந்த மேட்டின் மேலேயே மறுபடி கோடு போட்டிருக்கிறார். அச்சில் அது தெரியாது. அவருக்கும் கை தவறியிருக்கிறது என்று பார்த்தபோது எனக்குள் என்னவோ இறங்கியது.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா, எழுபதுக்கு மேல் இருக்கும், ஒரே படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இரவில் மலைமேல் நின்று கட்ஸ் கீழே பார்க்கிறான், படைவீரர்கள் மூட்டிய நெருப்புகள் சிறுசிறு பொட்டாக எரிகின்றன. ஒவ்வொன்றும் ஒருவனுடைய கனவு என்று அவன் சொல்லும் இடம். அந்த அம்மா என்னிடம் ஜப்பானிய மொழியில், “என் மகன் படிப்பான். எனக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்காகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றார். மகன் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. தலை குனிந்தேன், அவரும் குனிந்தார்.

24 டிசம்பர் 2021

41-ம் வால்யூம் வந்துவிட்டது. கடைசியில் 364. அலமாரியில் வைத்தேன். என்னைப் பொறுத்தவரை வரிசை இங்கே முடிகிறது.

7 ஜூன் 2022

தொடரப் போகிறார்கள். 24-ம் தேதி இதழிலிருந்து. வரைவது ஸ்டூடியோ காகா, மேற்பார்வை கோஜி மோரி.

மோரி எழுதிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏறக்குறைய 30 வருடத்துக்கு முன்பு, கிரிஃபித் தன் ஆட்களைப் பலியிடும் கிரகணப் பகுதியை எழுதும் முன், கதை பற்றிப் பேசவேண்டும் என்று மியூரா இவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு வாரம் அடைத்து வைத்த மாதிரி உட்காரவைத்து, கடைசி அத்தியாயம் வரை சொல்லித் தீர்த்திருக்கிறார். அதன்பிறகு கதை அன்று சொன்னபடியேதான் போனதாம். முடிவு தெரிந்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். மியூரா தன்னிடம் சொன்னதை மட்டும் எழுதுவேன், சொல்லாததைச் சேர்க்க மாட்டேன், சரியாக நினைவில்லாததை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

9 ஜூன் 2022

போன வருடம் மே 20-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். “யார் வரைந்தாலும் அது வேறு புத்தகம்.”

மோரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். உங்கள் சிநேகிதன் ஒரு வாரம் உட்கார்ந்து தன் கதை முழுவதையும் சொன்னான். நீங்கள் 30 வருடம் அதை வெளியே விடாமல் வைத்திருந்தீர்கள், அவன்தான் சொல்லவேண்டும் என்பதற்காக. இப்போது அவன் இல்லை. நீங்களும் சொல்லாமல் போனால் அந்தக் கதை உங்களோடு எரிந்துபோகும். சொன்னால் என்னைப் போன்றவர்கள், அவர் அளவுக்கு வரவில்லை என்பார்கள். தெரிந்தேதான் அவர் சொல்ல வருகிறார்.

எங்கள் வீட்டில் அப்பாயி போனபிறகு அவர் சொன்ன கதைகளை அத்தைதான் சொன்னார். அப்பாயி குரல் வரவே வராது. நடுவில் நிறுத்தி, “இந்த இடத்துல அம்மா என்னமோ சொல்லும், எனக்கு மறந்துபோச்சு” என்பார். அதற்காக நாங்கள் எழுந்து போனதில்லை.

தெசுகா பக்கம் நிற்பதாகச் சொன்னேன். தெசுகா ஒரு வாரம் உட்கார்ந்து யாரிடமாவது முடிவைச் சொல்லியிருந்தால் அங்கேயே நிற்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

24 ஜூன் 2022

வாங்கினேன், படித்தேன். படிக்க மாட்டேன் என்று சொன்ன வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடு நன்றாக இருக்கிறது. கடல், கல், மரம் எல்லாம் அதே கை. அவர்கள்தானே எப்போதும் வரைந்தார்கள். முகம்தான். கட்ஸின் கண்ணுக்குக் கீழே ஒரு சின்னச் சுருக்கம் வரும், கோபமா களைப்பா என்று சொல்லமுடியாத ஒன்று. அந்தச் சுருக்கம் இருக்கிறது, களைப்பைக் காணோம். கதையும் வேகமாக நகர்கிறது. மியூராவாக இருந்தால் பத்துப் பக்கம் நின்றிருக்கும் இடத்தை இரண்டு பக்கத்தில் தாண்டுகிறது. ஒரு சம்பவத்தைச் சொல்லக் கேட்பதும் ஆளே வந்து நடித்துக் காட்டுவதும் ஒன்றாகுமா? மோரிக்குத் தெரிந்தது சம்பவம்தான். மௌனத்தை மியூரா யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, பேனாவை எடுக்கும்போதுதான் அது வந்திருக்கும்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது.

அடுத்த இதழையும் வாங்குவேன்.

29 செப்டம்பர் 2023

42-ம் வால்யூம். மூலக்கதை கென்டாரோ மியூரா, ஓவியம் ஸ்டூடியோ காகா, மேற்பார்வை கோஜி மோரி என்று போட்டிருக்கிறார்கள்.

தீவு அழிந்து, காஸ்காவைக் கிரிஃபித் கொண்டுபோய், எல்லோரும் மறுபடி கப்பலில். ஆமாம், கப்பலில். கட்ஸ் மூலையில் சுருண்டு கிடக்கிறான், வாளைத் தொடவில்லை. வருடக்கணக்கில் கப்பலைச் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். துக்கத்தில் கிடப்பவனைச் சுற்றி மற்றவர்கள் எப்படி நடமாடுவார்கள் என்பதை வரைந்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆசானை இழந்த ஸ்டூடியோ அல்லவா.

8 மார்ச் 2024

டிராகன் பால் வரைந்த அகிரா டோரியாமா போய்விட்டார். 68 வயது. மூளைக்கு மேலே ரத்தக்கசிவு. இந்த மாதம் 1-ம் தேதியே போய்விட்டார், இன்று சொல்கிறார்கள்.

ஆபீஸில் என் டீம் லீடர், ஐம்பதைத் தாண்டியவர், எதற்கும் முகம் மாறாதவர், மீட்டிங் நடுவில் போனைப் பார்த்துவிட்டு, “மன்னிக்கவும், ஐந்து நிமிடம்” என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எதுவும் கேட்காமல் ஒரு டின் காப்பியை அவர் மேஜையில் வைத்தேன்.

மறுபடி அதே இடைவெளி, இந்த முறை ஒரு வாரம். இங்கே பல வீடுகளில் இதுதான் முறை, சடங்கு முடியும் வரை சொல்வதில்லை. நம் ஊரில் உயிர் போன அரைமணியில் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போய்விடும், சங்கு ஊதும், பந்தல் விழும். இங்கே ஒரு வாரம், இரண்டு வாரம், அவர் இல்லாத உலகத்தில், இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நாம் நடமாடுவோம். அவரை வைவோம்கூட. முதலில் எனக்கு இது கொடுமையாக இருந்தது. இப்போது அந்தக் குடும்பத்துக்கு அந்த நாட்கள் வேண்டும் என்று தோன்றுகிறது. 50 மில்லியன் பிரதிகள் விற்ற மனிதரை வீட்டு ஆளாக மட்டும் வைத்து அழ அவர்களுக்குக் கிடைத்தது மியூரா விஷயத்தில் அந்த இரண்டு வாரம்தான்.

11 மார்ச் 2024

அர்ஜென்டினாவில், பியூனஸ் அயர்ஸ் ஒபெலிஸ்க் தூணைச் சுற்றிப் பெருங்கூட்டம் கூடி, இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். கோகு எல்லா உயிர்களிடமும் கொஞ்சம் சக்தி கேட்டு வாங்கும் கட்டம், டிராகன் பால் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் அப்பா தோளில் உட்கார்ந்து கை தூக்குகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு தெருவோரம் நின்ற டார்க் நைட்களைப் பற்றி இங்கேதான் எழுதினேன். இவர்களுக்கு நிற்க நிஜத் தெருவே கிடைத்துவிட்டது.

10 மே 2024

கோவைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். இப்போது வேலைக்குப் போகிறாராம். முதல் சம்பளத்தில் பெர்செர்க் வாங்கத் தொடங்கி, ஒன்றிலிருந்து 41 வரை முடித்துவிட்டாராம். “42-ஐத் திறக்கவா வேண்டாமா அண்ணா? நீங்கதான் அன்னைக்கு ‘படிக்க மாட்டேன்’னு சொன்னீங்க.”

சொன்னேன். தப்பாகச் சொன்னேன் தம்பி.

41-ஐ மூடியதும் அடுத்ததை எடுத்துவிடாதே, ஒரு வாரமாவது போகட்டும். 364-ன் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை பார், அந்தக் கண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பிறகு 42-ஐத் திற. முகம் கொஞ்சம் மாறித் தெரியும், பதறாதே, இரண்டு அத்தியாயத்தில் கண் பழகிவிடும்.

ஓவியத் தங்கைக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது, மூன்று வருடமாக. நீ சொன்னதுதான் சரிம்மா. என் மேலங்கி தீப்பெட்டி அளவிலேயே நிற்கிறது. நிப் பெட்டியில் இன்னும் ஏழு மிச்சம். இன்று இரண்டாவது வெள்ளி, இதழ் வந்திருக்கும், வாங்கப் போகிறேன்.